சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டங்கள்

காரைக்குடி புது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
ஒரு ஜெராக்ஸ் கடை. அதில் மூன்றாவது கம்ப்யூட்டர் நான்.
மே மாதம் வந்துவிட்டால் எனக்குப் பெயர் கிடையாது,
அப்ளிகேஷன் அக்காதான்.

கனவோடு வருகிறவர்களிடம் முதலில் கேட்பது
சாதிச் சான்றிதழ் நம்பர்.
அடுத்து, ஓ.டி.பி. வரும் போன் யார் கையில்.
போன் அப்பாவின் சட்டைப்பையில் இருக்கும்,
அப்பா லோடு ஏற்றப் போயிருப்பார்.
ஆறு இலக்கம் வரும்வரை
கனவு ஸ்டூலில் உட்கார்ந்து காலாட்டும்.

கானாடுகாத்தானிலிருந்து ஒருத்தி வந்தாள்,
ஜட்ஜ் ஆகணுமாம்.
ஜட்ஜ் என்று எந்தக் கட்டமும் இல்லை.
ஐந்து வருஷச் சட்டம் என்று இருந்தது, அழுத்தினோம்.
'இவ்வளவுதானா?' என்றாள்.
இன்னும் பதின்மூன்று பக்கம் இருந்தது.

நேற்று பூமிநாதன்.
புதுவயல். சட்டைக் காலரில் அரிசி ஆலைத் தவிடு.
அறுநூறுக்கு நானூற்று முப்பத்தொன்று.
'கப்பலுக்குப் போகணும்க்கா.'
கடலை எத்தனை தடவை பார்த்திருக்கிறாய்?
'ரெண்டு. ஒண்ணு தொண்டியில.
இன்னொண்ணு சினிமாவுல.'

மெட்ராஸ் ஏஜென்ட் ஆறு லட்சம் கேட்டானாம்.
அப்பாவுக்கு மூட்டைக்கு ஏழு ரூபாய்.
கால்குலேட்டரில் வகுத்தோம்:
எண்பத்தையாயிரத்து எழுநூற்றுப் பதினான்கு மூட்டை.
மிச்சம், புள்ளிக்குப் பின்னால்
ஓடிக்கொண்டே இருந்தது.
'ஏஜென்ட் வேணாம்க்கா' என்றான் அவனே.

அரசாங்கப் பயிற்சிக்கான படிவத்தைத் திறந்து
கீபோர்டை அவன் பக்கம் தள்ளினேன்.
கரண்ட் போறதுக்குள்ள முடி.
சிவப்பு நட்சத்திரம் போட்டதை மட்டும் விட்டுடாதே.

திரையைப் பார்த்தான்.
என்னைப் பார்த்தான்.
'இதுல எதுக்கா சிவப்பு?'

பிரிண்டர் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

மிளகாய் காயப்போடும்போது
பழம் எது காய் எது என்று பிரிக்க வராதாம்.
சோம்பேறி என்று அம்மா திட்டுவாளாம்.
சோம்பேறி என்றுதான்
அவனும் நினைத்திருந்தான்.

விதிமுறையில் ஒன்பதாவது பத்தி:
நிறம் பிரித்தறியும் பார்வை.
மெதுவாக வாசித்தேன்,
மெதுவாக வாசித்தால் மாறிவிடும் என்பதுபோல.

'இடப்பக்கம் சிவப்பு லைட்டு, வலப்பக்கம் பச்சை.
மனப்பாடமா தெரியும்க்கா. பாக்கணும்னு இல்லையே.'
எதிர்ல வர்ற கப்பலுக்கு
உன் மனப்பாடம் தெரியாதே தம்பி.
சொல்லியிருக்க வேண்டாம்.
சொல்லிவிட்டேன்.

எழுந்து போனான். திரும்ப மாட்டான் என்று
விண்டோவை மூடினேன்.
அடுத்து நின்றது பள்ளத்தூர் நர்சிங்.
அவளுக்குப் பாதி முடித்தபோது
இரண்டு டீயோடு வந்து நின்றான்.

'வேற அப்ளிகேஷன் போடுங்க.
கப்பல எங்க செய்றாங்களோ அங்க.'

ஆலையில் நெல் ஊறும் தொட்டி.
ஏழு வயதில் அதில் தகர மூடி ஒன்றை விட்டுப்பார்த்தானாம்.
படுக்க வைத்தால் மிதந்தது,
செங்குத்தாக விட்டால் போய்விட்டது.
'அதுதான்க்கா மொதல் ஆச்சரியம்.
ஏறிப் போகணுங்கறது அப்புறம் வந்த ஆசை.'

மை கசிந்து வீணான பிரிண்ட் ஒன்றைத் திருப்பி
அவனே வரிசை போட்டான்.
கப்பல் கட்டுமானம். கட்-ஆஃப் எட்டாது,
இருந்தும் முதலில் அதுதான்.
அடுத்து இங்கேயே அழகப்பாவில் மெக்கானிக்கல்.
பாலிடெக்னிக், டிப்ளமோ.
கடைசியில் ஐ.டி.ஐ. வெல்டர்.
வெல்டரா?
'கப்பல ஒட்டுறது யாராம்?'

ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கடைசித் தேதியும் கட்டணமும்.
கண் டாக்டர், செவ்வாய்க்கிழமை என்று
கீழே சின்னதாக,
அதற்குக் கட்டணம் எவ்வளவென்று தெரியாததால்
ஒரு கேள்விக்குறி.

முப்பது ரூபாய் சார்ஜ். டீக்குப் பத்து கழித்தேன்.
வாங்க மாட்டேன் என்றவன்
வாங்கிக்கொண்டான்.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தேன்.
இதே கம்ப்யூட்டரில், மூன்று வாரமாக,
என் குரூப் ஃபோர் விண்ணப்பம்
ஏழாவது பக்கத்தில் நிற்கிறது.
நட்சத்திரம் எனக்கு நன்றாகவே தெரிகிறது.
சிவப்பு.